கண்ணாடிக் குளம்

சென்னை மாநகரின் வடமேற்குப் பகுதியில் அமைந்தது கொளத்தூர். வண்ணமீன்களை வளர்ப்பதும் விற்பதும் அங்குப் பல குடும்பங்கட்கு வாழ்க்கைத் தொழிலாகும். வீடுகளின் பின்புறத்தே சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக அமைந்திருக்கும். கடைகளின் முன்னே, நீரும் காற்றும் நிரப்பிய பைகளுள் சிறு மீன்கள் விளக்கொளியில் மின்னிக் கொண்டிருக்கும். மின்னுவதனால் மீன் என்பர். வானத்து மீனுக்கும் நீர்வாழ் மீனுக்கும் நம் மொழியில் பெயர் ஒன்றே. அவ்விரண்டினையும் ஒருங்கே நினைவூட்டுவது பொன்மீன். தங்கமீன் என்றும் கோல்டுபிஷ் என்றும் கடைகளில் வழங்குவது அதுவே.

ஐப்பசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வில்லிவாக்கத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் அக்கடைகளுள் ஒன்றிற்குச் சென்றான். பல திங்களாகச் சேர்த்து வைத்த பணம் அவன் கையில் இருந்தது. 40 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றையும், காற்றுச் செலுத்தும் சிறு பொறி ஒன்றையும், அதனோடு பொருத்தும் பஞ்சு வடிகட்டியையும், கூழாங்கல்லும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியும் சிலவற்றையும் முன்வாரமே வாங்கிச் சென்றிருந்தான். அன்று வாங்கியவை நான்கு பொன்மீன்கள். இரண்டு செந்நிறம், ஒன்று வெண்மை, மற்றொன்று கருமையும் பொன்மையும் விரவியது.

குழாய் நீரில் நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் கலக்கப்பட்டிருக்கும். மக்களுக்கு நன்மை செய்யும் அப்பொருள் மீனின் மெல்லிய செவுளை அரிக்கும். ஆதலின், நீரைத் திறந்த கலத்தில் ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் ஆவியாய் நீங்கிய பின்னரே மீனை விடுதல் வேண்டும் எனக் கடைக்காரர் கூறியிருந்தார். மாணவன் அவ்வாறே செய்தான். மீன்கள் இருந்த பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்தபின் மெல்ல விடுவித்தான். இதுவரை அவன் செய்தவற்றுள் குறை கூறுவதற்கு ஒன்றும் இல்லை.

முதல் மூன்று நாட்கள் இல்லம் முழுவதும் தொட்டியைச் சுற்றியே இருந்தது. காலையில் தந்தையார் ஒரு சிட்டிகை உணவு இடுவார். பள்ளிக்குச் செல்லுமுன் மாணவன் இடுவான். அவன் தங்கை இடுவாள். நண்பகலில் பாட்டியார், வாய் திறந்து வருவனவற்றைப் பட்டினி போடலாகாது என்று தாமும் இடுவார். பொன்மீனின் இயல்பு அறியாதவர் செய்யும் பிழை இது. அதற்கு இரைப்பை என ஒன்று இல்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். ஆளைக் கண்டதும் கண்ணாடியருகே வந்து வாய் திறத்தல் அதன் வழக்கமேயன்றிப் பசியின் அடையாளம் அன்று.

நான்காம் நாள் நீர் சற்றே மங்கியது. ஐந்தாம் நாள் மீன்கள் நான்கும் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக் கொண்டன. பசியென்று கருதி மேலும் உணவு இடப்பட்டது. ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் எழுந்த மாணவன், நீர் அழுக்கானமையே இதற்குக் காரணம் எனத் துணிந்து, தொட்டி நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினான். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினான். வடிகட்டிப் பஞ்சினைக் குழாயடியில் பிடித்து, வெண்மை தோன்றும் வரையில் பிழிந்தான். பள்ளிக்கு நேரமாயிற்று, நீரை ஒரு நாள் வைத்திருக்க நேரம் இல்லை. குழாய் நீரையே நிரப்பி மீன்களை விட்டுச் சென்றான். தொட்டி புதிது போல் விளங்கிற்று. மாலையில் அவன் திரும்பியபோது, வெண்ணிற மீன் கூழாங்கற்களின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறந்து கிடந்தது. அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை.

மறுநாள் அவன் சிறு புட்டி ஒன்றில் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு கொளத்தூருக்குச் சென்றான். கடைக்காரர் அவனைத் தமக்கு மீன் தரும் முதியவர் ஒருவரிடம் அனுப்பினார். அம்முதியவர் நெடுங்காலம் மீன் வளர்ப்பிலேயே கழித்தவர். அவர் புட்டியை ஒளியில் பிடித்துப் பார்த்துப் புன்னகை புரிந்தார்.

“தண்ணீர் பளிங்கு போல இருக்கிறதே, தம்பி! இதில் என்ன குறை கண்டாய்?”

“குறை இருப்பதாகத் தெரியவில்லை, ஐயா. ஆனாலும் மீன் இறந்துவிட்டது. மற்ற மூன்றும் சோர்ந்திருக்கின்றன.”

“தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. வடிகட்டியை எங்கே கழுவினாய்?”

“குழாயடியில், ஐயா. அழுக்குப் போகும்வரை கழுவினேன்.”

“நீ கழுவிவிட்டது அழுக்கை மட்டும் அன்று” என்றார் முதியவர்.

அவர் கூறியதன் பொருள் யாது என்பதை விளங்கிக்கொள்ள, தொட்டியினுள் கண்ணுக்குப் புலப்படாது நிகழ்வனவற்றை அறிதல் வேண்டும். மீன் உண்ட உணவிலுள்ள புரதம் அதன் உடலிற் சிதைந்து அம்மோனியாவாக வெளிப்படும். மனிதனும் விலங்கும் இத்தகைய கழிவினைச் சிறுநீரோடு போக்குவர். மீனோ அதன் பெரும்பகுதியைச் செவுளின் வழியாகவே நீரில் விடும். உண்ணாது எஞ்சிய உணவும், சாணமும், அழுகிய இலையும் சிதையும்போதும் அம்மோனியாவே தோன்றும். இது நிறமற்றது. தொட்டியில் இருக்கும் சிறு அளவில் மணமும் தெரியாது. ஆயினும் செவுளை எரித்து, மூச்சு விடுதலைத் தடுத்து, மீனைக் கொல்ல வல்லது. ஏரியிலும் ஆற்றிலும் நீர் பெரிது, மீன் சிறிது; கழிவு பரந்து கலந்து தீங்கின்றி ஒழியும். 40 லிட்டர் நீரில் அடைபட்ட நான்கு மீன்களோ, தாம் கழித்ததனையே மீண்டும் மூச்சில் வாங்குகின்றன. வட்டக் கண்ணாடிக் குடுவையில் பொன்மீனை இட்டு மேசைமேல் வைப்போர் உளர். அஃது அழகிற்காகச் செய்யப்படும் கொடுமை.

இயற்கையில் அம்மோனியாவை ஒழிக்கும் தொழிலை நுண்ணுயிர்கள் செய்கின்றன. ஒரு வகையின அம்மோனியாவைப் பிராணவாயுவோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகையின அந் நைட்ரைட்டினை நைட்ரேட்டாக மாற்றும். முன்னை இரண்டும் நஞ்சு, நைட்ரேட்டு மிகுதியாகச் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது, செடிகளுக்கு எருவுமாகும். இந் நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து அவற்றின் தொழிலை மெய்ப்பித்தவர் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர், ஆண்டு 1890. இரு தொழிலையும் தானொன்றே செய்யும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

இவை நீரில் மிதந்து திரிவன அல்ல. பஞ்சின் துளைகளிலும், கல்லின் மேலும், கண்ணாடியின் மேலும் வழுவழுப்பான மெல்லிய படலமாய் ஒட்டி வாழ்வன. காற்றுக் குமிழிகள் மேலெழும்போது நீர் பஞ்சின் ஊடே இழுக்கப்படுகிறது. அந்நீரோடு அம்மோனியாவும் பிராணவாயுவும் அவற்றிற்குக் கிடைக்கின்றன. ஆகவே பஞ்சு வடிகட்டி அழுக்கைத் தடுக்கும் துணி மட்டும் அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஊர் ஆகும். புதிய தொட்டியில் அவ்வூர் வெற்றூராகவே இருக்கும். நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. ஊர் நிறைதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மாணவனுடைய தொட்டியில் ஆறு நாட்களில் குடியேறிய சிலவற்றையும் குழாயின் குளோரின் நீர் அழித்துவிட்டது. அதே குளோரின், அம்மோனியாவால் முன்னரே புண்பட்டிருந்த செவுள்களையும் தாக்கிற்று. வெண்மீன் இறந்தது அழுக்கினால் அன்று. அழுக்கு நீக்கிய முறையினால்.

பொன்மீனைத் தொட்டியில் வளர்த்தல் நேற்றுத் தோன்றியது அன்று. சீனத்தில் சுங் மரபினர் ஆண்ட காலத்தில், அஃதாவது 960 முதல் 1279 வரையிலான காலத்தில், சாம்பல் நிறக் கெண்டையினத்துள் அருகித் தோன்றிய பொன்னிற மீன்களைத் தனியே பிரித்துக் குளங்களில் வளர்த்தனர். பின்னர் மிங் மரபினர் காலத்தில் அவை பீங்கான் கலங்களில் வீட்டினுள் இடம் பெற்றன. இரட்டை வாலும் உருண்ட உடலும் உடைய வகைகள் அவ்வாறு வீட்டில் வளர்த்தோர் தேர்ந்து தேர்ந்து பெருக்கியவை. 17ஆம் நூற்றாண்டில் பொன்மீன் ஐரோப்பாவை அடைந்தது.

ஆயினும் நீரை மாற்றாமலே மீனை உயிருடன் வைத்திருத்தல் கூடுமா என்பதை முறையாக ஆராய்ந்தவர் இலண்டனில் மருந்தாளர் சங்கத்தில் வேதியியல் அறிஞராய் இருந்த இராபர்ட் வாரிங்டன் ஆவார். அவர் 1849ஆம் ஆண்டில் கண்ணாடிக் கலமொன்றில் வாலிஸ்னேரியாச் செடியினையும் இரண்டு பொன்மீன்களையும் இட்டார். செடி வெளிவிடும் பிராணவாயு மீனுக்குப் போதும் என்பது அவர் கருத்து. ஆனால் சில நாட்களில் செடியின் பழுத்த இலைகள் அழுகி, நீர் கலங்கியது. அவர் சோர்ந்துவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து இட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. இவ்வாராய்ச்சியினை 1850ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் காணும் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. வாரிங்டன் செடியையும் நத்தையையும் கண்டார்; அவற்றினும் மிகுதியாய் உழைத்த நுண்ணுயிர்களை அவர் காணவில்லை. அக்காலத்தில் அவற்றை அறிந்தவர் எவரும் இலர்.

கொளத்தூர் முதியவர் மாணவன் கொணர்ந்த நீரில் ஒரு பகுதியைச் சிறு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சோதனைத் துளிகளை விட்டார். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பசுமையாயிற்று. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா உள்ளது என்றார். வேறு துளிகளால் நீரின் பி.எச். எண்ணையும் கண்டார்; அது 8. இவ்வெண் 7க்கு மேற்பட்டால் நீர் காரத்தன்மை உடையது. கீழ்ப்பட்டால் அமிலத்தன்மை உடையது. அம்மோனியாவின் கொடுமை இவ்வெண்ணைப் பொறுத்தது. நீரில் அஃது இரு வடிவாய் நிற்கும். ஒன்று மின்னூட்டம் பெற்ற அம்மோனியம். இது செவுளினுள் எளிதிற் புகாது. மற்றொன்று தூய அம்மோனியா, இதுவே நஞ்சு. வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது, பி.எச். 7 ஆயின், மொத்தத்தில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆயின் 20இல் ஒரு பங்கு. ஓர் எண் ஏறப் பத்து மடங்கு தீமை ஏறுகிறது. வெப்பம் மிகினும் இப்பங்கு மிகும். அன்றியும், வெப்ப நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 15 டிகிரியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைவது, 30 டிகிரியில் ஏழரையாகக் குறையும். கோடையில் சென்னை வீடுகளில் மீன்கள் மேற்பரப்பில் மூச்சு வாங்குதற்கு இதுவும் ஒரு காரணம்.

“இதற்கு மருந்து உண்டா, ஐயா?” என்று மாணவன் கேட்டான்.

“தண்ணீர்தான் மருந்து. இன்றே பாதித் தண்ணீரை மாற்று. நாளை முதல் நாள்தோறும் கால் பங்கு மாற்று. முதல்நாள் பிடித்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். பாதியை மாற்றினால் நஞ்சும் பாதியாகும். கால் பங்கு மாற்றினால் கால் பங்குதான் குறையும். ஒரே நாளில் முழுவதையும் மாற்றலாமே என்று எண்ணாதே. மீன் அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காது. இரண்டு நாள் உணவு கொடுக்காதே. பிறகு நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே கொடு. வடிகட்டியைத் தொடாதே. அடைத்துக்கொண்டால், மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக இரண்டு முறை அமுக்கி எடு.”

“உங்கள் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சு தந்தால், நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும் அல்லவா?”

முதியவர் வியப்புடன் அவனை நோக்கினார். “பெருகும். ஆனால் என் தொட்டிகளில் நாள்தோறும் பல ஊர் மீன்கள் வந்து போகின்றன. நல்ல உயிரோடு நோயும் சேர்ந்து வரும். உன் மீன்கள் இப்போது இருக்கும் நிலையில் அது வேண்டாம். பொறுத்திரு” என்றார். விடைபெறும்போது, “மூன்று மீனுக்கும் அந்தத் தொட்டி சிறிது, தம்பி. அவை வளரும் என்பதை மறவாதே” என்றும் கூறினார். அவர் கூறியது மெய்யே. நன்கு பேணப்பட்ட பொன்மீன் பத்து, இருபது ஆண்டுகள் வாழும். இங்கிலாந்து நாட்டில் ஒரு பொன்மீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999ஆம் ஆண்டில் இறந்தது. ஒரு திங்களில் இறத்தலே பொன்மீனின் இயல்பு என நம்மவர் பலர் எண்ணுகின்றனர்.

மாணவன் ஒரு குறிப்பேட்டினை எடுத்து நாள்தோறும் எழுதலானான். பிடித்து வைத்த வாளிகள் குளியலறையை அடைத்துக் கொண்டமையால் தாயார் சினந்தார். பின்னர் தாமே வாளி நிரப்பி வைத்தார். பாட்டியாரின் கையிலிருந்து உணவு டப்பாவை வாங்குதல்தான் அரிதாயிற்று. பத்து நாட்கள் சென்றபின் அம்மோனியா குறைந்தது. அவன் மகிழ்ந்தான். ஆயின் 18ஆம் நாள் செந்நிற மீன்கள் மீண்டும் சோர்ந்து, காற்றுக் குமிழி எழும் இடத்திலேயே நின்றன. அம்மோனியாச் சோதனை மஞ்சளையே காட்டிற்று. நைட்ரைட்டுச் சோதனையோ அடர்ந்த ஊதாவாயிற்று.

இஃது எதிர்பார்க்கத்தக்கதே. முதல் வகை நுண்ணுயிர் முன்னே பெருகும்; அதன் விளைவான நைட்ரைட்டு இருந்தாலன்றி இரண்டாம் வகைக்கு உணவில்லை; ஆதலின் அது பின்னரே பெருகும். இடைப்பட்ட நாட்களில் நைட்ரைட்டு தேங்கி நிற்கும். அது செவுளின் வழியே குருதியிற் புகுந்து, பிராணவாயுவைச் சுமக்கும் செம்பொருளைச் சுமக்க இயலாததாய் மாற்றிவிடும். குருதி செந்நிறம் இழந்து பழுப்பாகும். நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சு முட்டும். இதற்கு அடுக்களையிலேயே உதவி உண்டு. உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாயிலின் வழியாகப் புகுவன. குளோரைடு மிகுந்திருப்பின் நைட்ரைட்டுக்கு வழி கிடைப்பதில்லை. முதியவரைக் கேட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 40 கிராம் கல்லுப்பினைத் தனிக் கலத்தில் கரைத்து, மாணவன் சிறிது சிறிதாகச் சேர்த்தான். நீர் மாற்றுதலையும் விடவில்லை. இரண்டு நாட்களில் மீன்கள் அடித்தளத்திற்கு இறங்கிக் கற்களைக் கிளறலாயின. ஐந்தாம் வாரத்தின் இறுதியில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட்டு மட்டும் காணப்பட்டது.

கார்த்திகைத் தீபத்தன்று மாமா வந்தார். மருமகனின் மீன் ஒன்று இறந்த செய்தியை முன்னரே அறிந்திருந்தவர், பரிவு மிகுந்து, வரும் வழியில் வெண்ணிற மீன் ஒன்றை வாங்கி வந்தார். அதனைத் தனிக் கலத்தில் மூன்று வாரமேனும் வைத்திருந்து, நோயின்மை கண்ட பின்னரே சேர்த்தல் வேண்டும். மாணவன் அதனை அறியான். அறிந்திருப்பினும், மாமாவின் முன்னே அம்மீனை வாளியில் விட்டு வைக்க அவனுக்கு மனம் வந்திராது. மழை பெய்து நீர் குளிர்ந்திருந்த நாட்கள் அவை. ஐந்தாம் நாள் புதிய மீனின் வாலில் உப்புப் பரல் தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றின. மறுநாள் அவை உடலெங்கும் பரவின. மற்ற மூன்றும் கற்களில் உடலை உரசின.

வெண்புள்ளி நோய் நன்னீர் மீன்கட்கு வரும் நோய்களுள் யாவரும் அறிந்தது. இதனை விளைப்பது ஓரணு உயிர். அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, அதன் ஊனையே உண்டு பருக்கும். நாம் காணும் வெண்புள்ளி ஒவ்வொன்றும் அவ்வாறு பருத்த ஓர் உயிரே. முற்றியதும் அது தோலைக் கிழித்து வெளியேறி, கல்லிலோ செடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை ஒன்றை அமைத்துக்கொள்ளும். உறையினுள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரிந்து பல நூறு குஞ்சுகளாகும். உறை வெடித்ததும் அவை நீந்தி மீனைத் தேடும். ஓரிரு நாட்களுள் மீன் கிடையாவிடின் இறந்துபடும். நீர் வெதுவெதுப்பாக இருப்பின் இச்சுற்று ஒரு வாரத்துள் முடியும். குளிர்ந்திருப்பின் பல வாரங்கள் நீளும்.

இவ்வரலாற்றை அறிந்தால் மருத்துவத்தின் நுட்பம் விளங்கும். தோலுக்கடியில் இருக்கும்போதும் உறையினுள் இருக்கும்போதும் அவ்வுயிரை மருந்து தீண்டாது. நீந்தித் திரியும் சிறு பொழுதில் மட்டுமே அதனை அழித்தல் கூடும். ஆதலால் புள்ளி மறைந்தவுடன் நோய் நீங்கிற்றென மருந்தை நிறுத்துவோர், உறைக்குள் உறங்கும் பகையை மறந்தவராவர். இங்கு மற்றொன்றும் கூறுதல் தகும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பொன்மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் வெண்மையான சிறு முகிழ்கள் ஒழுங்காகத் தோன்றும். அது நோயன்று. அதனை நோயெனக் கருதி மருந்திட்டு மீனை வருத்தியோர் பலர்.

முதியவரின் அறிவுரைப்படி மாணவன் செடிகளை எடுத்து வேறு கலத்தில் வைத்தான். உப்பு மிகுந்தால் அவை வாடும். முன்னர் இட்ட உப்பு நாள்தோறும் நீர் மாற்றியதில் பெரும்பாலும் நீங்கியிருந்தது. ஆதலின் லிட்டருக்கு 3 கிராம் அளவாகுமாறு, 120 கிராம் கல்லுப்பினை மூன்று கூறாக்கி, இரண்டு நாட்களில் கரைத்துச் சேர்த்தான். நீர் ஆவியாகக் குறைந்தபோது வெறும் நீரையே ஊற்றினான். உப்பு ஆவியாவதில்லை, அங்ஙனம் குறையுந்தோறும் உப்பு நீரை ஊற்றினால் அளவு ஏறிக்கொண்டே போகும். நீரை எடுத்து மாற்றிய அளவிற்கு மட்டும் உப்புச் சேர்த்தான். இரண்டு வாரம் இது நடந்தது. வலுவிழந்திருந்த புதிய வெண்மீன் நான்காம் நாளே இறந்தது. மற்ற மூன்றும் பிழைத்தன.

புள்ளி நோயன்றிப் பிறவும் உள. துடுப்பின் விளிம்பு கிழிந்து நைந்து போதல், புண்ணின்மேல் பஞ்சு போலப் பூசணம் படர்தல் ஆகியவை பெரும்பாலும் தீய நீரில் வலுவிழந்த மீனைப் பற்றுவன. நீர் திருந்தின் தொடக்க நிலையில் தாமே மாறும். உடல் வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நிற்பின் உள்ளுறுப்புப் பழுதுபட்டது என்பது பொருள், பிழைத்தல் அரிது. உருண்டை உடல் வகைகள் மிகையாக உண்டபின் தலைகீழாக மிதப்பதுண்டு. ஓரிரு நாள் உணவை நிறுத்தி, பின் வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியைச் சிறிது தருவர். கடைகளில் நீல மருந்தும் பச்சை மருந்தும் புட்டிகளில் கிடைக்கும். எந்நோய் என்று தெளியாமுன் அவற்றை ஊற்றுதல் இருட்டில் கல்லெறிவதாகும். சில மருந்துகள் வடிகட்டியின் நுண்ணுயிர்களையும் கொல்லும். பச்சை மருந்து மனிதர்க்கும் தீயது. சிறுவர் அதனைக் கையாளுதல் கூடாது.

தை பிறந்தது. பொங்கல் விடுமுறையில் தந்தையார் 150 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றை வாங்கித் தந்தார். இம்முறை நீரை முதல்நாளே நிரப்பி வைத்தனர். மாணவன் பழைய தொட்டியின் பஞ்சு வடிகட்டியை, அதன் பழுப்பு நிறத்தோடும் வழுவழுப்போடும், ஈரம் உலராமல் எடுத்துப் புதிய தொட்டியில் பொருத்தினான். பழைய கூழாங்கற்களையும் கழுவாமலே இட்டான். அழுக்குப் பஞ்சைப் புதுத் தொட்டியில் வைப்பதா என்று பாட்டியார் கேட்டார். “அது அழுக்கு இல்லை, பாட்டி, மீனுக்குக் காவல்” என்று தங்கை விடை கூறினாள். மூன்றாம் நாள் காலையில் சோதனைத் துளிகளை விட்டபோது, குழாயிலிருந்த நீர் மஞ்சளாகவே நின்றது. அவன் குறிப்பேட்டில் நாளையும் நேரத்தையும் எழுதி, எதிரே சுழியம் இட்டான். பிறகு மீன்களுக்கு உணவு இட்டு, டப்பாவை எட்டாத உயரத்தில் வைத்தான்.